எட்டு மைல் ஏரி: கோடையில் வரவு, ஆண்டுக் கணக்கில் நட்டம்

அலாஸ்காவின் நடுப்பகுதியில், டெனாலி தேசியப் பூங்காவுக்கு வடக்கே, ஹீலி என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அலாஸ்காவில் இன்று இயங்கும் ஒரே நிலக்கரிச் சுரங்கம் இந்த ஊர்ப்பக்கம்தான். ஊரிலிருந்து மேற்கே ஸ்டாம்பீட் சாலையில் போனால் எட்டு மைல் ஏரி வரும். ஏரியைச் சுற்றி மலையடிவாரச் சரிவு. பாசி, புல், குட்டைப் புதர்கள், அவ்வளவுதான். வேடிக்கை பார்க்க அதிகம் இல்லாத இந்த இடத்தில்தான், தூந்திரா நிலம் சூடானால் காற்றில் கார்பன் கூடுமா குறையுமா என்ற கேள்விக்குப் பல ஆண்டுகளாக விடாமல் பதில் தேடியிருக்கிறார்கள்.

இந்தத் தளத்தை இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரே சரிவு, ஏறக்குறைய ஒரே குழு. ஆனால் கோடையில் மட்டும் அளந்தபோது ஒரு பதில் வந்தது. ஆண்டு முழுவதும் கணக்குப் பார்த்தபோது வேறு பதில் வந்தது. மண்ணையே தோண்டி எடுத்து அளந்தபோது மூன்றாவதாக ஒன்று வந்தது. எந்த அளவீட்டிலும் தவறில்லை. எதை, எப்போது, எதற்கு எதிராக அளக்கிறோம் என்பதைப் பொறுத்துத் தூந்திராவின் கணக்கு தலைகீழாக மாறுகிறது.

முதலில் பின்னணி. வடக்கின் உறைநிலப் பகுதிகளில், அதாவது இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் சுழியத்துக்குக் கீழேயே கிடக்கும் பெர்மாஃப்ராஸ்ட் மண்ணில், சுமார் 1.5 லட்சம் கோடி டன் கார்பன் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். வளிமண்டலத்தில் இப்போது இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அங்கே செடிகள் அபரிமிதமாக வளர்ந்ததால் இவ்வளவு சேரவில்லை. செத்த வேரும் இலையும் முழுதாக மக்குவதற்குள் உறைந்துபோயின. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வரவு கொஞ்சம், செலவு அதைவிடக் கொஞ்சம். அப்படித்தான் இந்த இருப்பு சேர்ந்தது.

இப்போது அங்கே வெப்பம் வேகமாக ஏறுகிறது. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது என்று 2022-இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். நிலம் இளகினால் நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு பழைய கார்பனைத் தின்னத் தொடங்கும். கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் வெளியேறும். ஆனால் அதே வெப்பம் செடிகளையும் வளர்க்கும். வளரும் செடி காற்றிலிருந்து கார்பனை இழுக்கும். ஆகவே சண்டை மண்ணுக்கும் செடிக்கும் இடையில். யார் ஜெயிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி 1993-லேயே சூடுபிடித்துவிட்டது. சான் டியகோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் ஓஷெலும் சகாக்களும், அலாஸ்காவின் வடசரிவுத் தூந்திரா கார்பனைச் சேமிப்பதை விட்டு வெளியிடும் நிலைக்கு மாறிவிட்டது என்று அறிவித்தார்கள். 2000-இல் அதே ஓஷெல் இன்னொரு கட்டுரை எழுதினார். வெப்பம் தொடர்ந்தாலும் கோடைக்காலத்தில் அந்த நிலம் சமாளித்துக்கொண்டு மறுபடி கார்பனை உறிஞ்சத் தொடங்கியிருக்கிறது என்றார். இதைக் குழப்பம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு சில கோடைகளை வைத்து ஒரு நிலத்தின் போக்கைச் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி வேறு எங்கே கிடைக்கும்?

ஏன் இந்த ஏரிக்கரை

எட்டு மைல் ஏரி ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே இருக்கிறது. கறாராகப் பார்த்தால் இது துணை ஆர்க்டிக் பகுதி. அதனால் இதை ஆர்க்டிக்கின் மாதிரியாக எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இங்கே இருப்பது வடக்கே உள்ளதைப் போன்ற ஈரமான, அமிலத்தன்மையுள்ள தூந்திராதான். எரியோஃபோரம் என்ற பஞ்சுப்புல் திட்டுத்திட்டாகக் குமிந்து நிற்கும். இடையில் குட்டை பிர்ச், காட்டு புளூபெரி, ஸ்பேக்னம் பாசி. அடியில் உறைநிலம். வேறுபாடு என்னவென்றால், இங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுழியத்துக்குச் சற்றே கீழேதான். உறைநிலம் இளகும் விளிம்பில் நிற்கிறது. வடக்கே பின்னால் நடக்கப்போவது இங்கே முன்கூட்டியே நடக்கும்.

இன்னொரு அதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டது. அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் டாம் ஆஸ்டர்காம்ப் 1985-இல் இங்கே ஒரு ஆழ்துளை போட்டு நிலத்தடி வெப்பநிலையைப் பதியத் தொடங்கியிருந்தார். கார்பன் ஆய்வு அப்போது அவர் திட்டத்தில் கிடையாது. ஆனால் பின்னால் வந்தவர்களுக்கு நிலம் எப்போது, எவ்வளவு சூடானது என்ற பதிவு கைக்குத் தயாராகக் கிடைத்தது. நீண்டகாலப் பதிவுகளின் அருமை இப்படித்தான் தெரியவரும். தொடங்கும்போது யாருக்கும் அதன் முழுப் பயன் தெரியாது.

இங்கே ஆய்வை முன்னின்று நடத்தியவர் டெட் ஷூர். முதலில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் இருந்தார், பிறகு வட அரிசோனா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவர் குழுவின் முதல் வேலை, நிலம் ஏற்கெனவே பல அளவில் இளகியிருந்ததைப் பயன்படுத்திக்கொள்வது. ஒரு இடத்தில் இளக்கம் மிகக் குறைவு. இன்னொரு இடத்தில் சுமார் 15 ஆண்டுகளாக இளகிவருகிறது. மூன்றாவது இடம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இளகத் தொடங்கி, தரை உள்வாங்கி, மேடும் பள்ளமுமாக இருக்கிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தால், ஒரே இடத்தில் அரை நூற்றாண்டு காத்திருக்காமல் காலப்போக்கைப் பார்த்துவிடலாம்.

வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய ரேடியோகார்பனைப் பயன்படுத்தினார்கள். சமீபத்தில் செடி உறிஞ்சிய கார்பனில், 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளின் கார்பன்-14 தடயம் இருக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உறைந்து கிடந்த கார்பனில் கார்பன்-14 சிதைந்து குறைந்திருக்கும். நிலம் விடும் மூச்சைப் பிடித்துச் சோதித்தால், அதில் பழையது எவ்வளவு, புதியது எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

2009-இல் நேச்சர் இதழில் முடிவு வந்தது. 15 ஆண்டுகளாக இளகிய இடம், குறைவாக இளகிய இடத்தைவிட 40 சதவீதம் கூடுதலாகப் பழைய கார்பனை இழந்துகொண்டிருந்தது. ஆனாலும் மொத்தக் கணக்கில் அது கார்பனை உறிஞ்சிக்கொண்டிருந்தது. செடிகள் அவ்வளவு செழித்திருந்தன. பல பத்தாண்டுகளாக இளகிய இடத்தில் பழைய கார்பன் இழப்பு 78 சதவீதம் கூடுதல். அங்கேயும் செடி வளர்ச்சி கூடித்தான் இருந்தது, ஆனால் இழப்பை ஈடுகட்டவில்லை. மொத்தக் கணக்கில் நட்டம்.

இந்த முடிவில் முக்கியமானது சதவீதம் அல்ல, வரிசை. முதலில் செடி ஜெயிக்கிறது, பிறகு மண் ஜெயிக்கிறது. நிலம் இளகும்போது உறைந்திருந்த நைட்ரஜனும் விடுபடுகிறது. தூந்திராச் செடிகளுக்கு எப்போதும் பற்றாக்குறையாக இருக்கும் உரம் அதுதான். அதனால் தொடக்கத்தில் ஒரு துள்ளல். அந்தக் கட்டத்தில் மட்டும் வந்து அளந்துவிட்டுப் போகிறவர், "தூந்திரா பசுமையாகிறது, கார்பனை உறிஞ்சுகிறது, கவலை வேண்டாம்" என்று எழுதிவிடுவார். செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து எழுதப்படும் பல செய்திகள் அந்த வகைதான். இலையைச் செயற்கைக்கோள் பார்க்கும். இலைக்குக் கீழே அரை மீட்டரில் நடப்பதை அது பார்க்காது.

பனிவேலி

பல இடங்களை ஒப்பிடும் முறைக்கு ஒரு குறை உண்டு. மூன்று இடங்களுக்கும் இடையே இளக்கத்தைத் தவிர வேறு வேறுபாடுகளும் இருக்கலாமே? அதனால் 2008-இல் ஒரு நேரடிச் சோதனை தொடங்கினார்கள். நான் பார்த்தவரை களச் சோதனை வடிவமைப்பில் இது ஒரு நேர்த்தியான வேலை. விவரமாகச் சொல்ல வேண்டும்.

தூந்திராவைச் சூடாக்க எளிய வழி, மேலே திறந்த சிறு கூண்டு வைப்பது. சுவர் கண்ணாடிபோல் வெயிலை உள்ளே விட்டு, காற்றைத் தடுக்கும். கோடையில் உள்ளே காற்று ஓரிரு டிகிரி சூடாகும். உலகம் முழுக்கத் தூந்திரா ஆய்வாளர்கள் 1990 முதல் இப்படிச் செய்துவருகிறார்கள். ஆனால் இது சூடாக்குவது பெரும்பாலும் காற்றைத்தான். ஆழத்தில் இருக்கும் உறைநிலம் அசைந்துகொடுப்பதில்லை.

ஷூர் குழு அதனால் பனிவேலிகளை நட்டது. காற்று வீசும்போது வேலிக்குப் பின்னால் பனி குவியும். பனி என்றால் குளிர் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் தடித்த பனிப்படலம் நிலத்துக்குப் போர்வை. மேலே காற்று −30 டிகிரிக்குப் போனாலும் கீழே மண் அவ்வளவு குளிர்வதில்லை. இப்படிக் குளிர்காலத்தில் மண்ணைச் சுமார் 1.5 டிகிரி கூடுதல் வெப்பத்தில் வைத்திருக்க முடிந்தது. அடுத்த கோடையில் இளக்கம் ஆழமாகப் போனது.

இங்கே ஒரு சிக்கல். கூடுதல் பனி வசந்தத்தில் உருகினால் கூடுதல் நீர் இறங்கும், செடிகள் விழிக்கும் நாளும் தள்ளிப்போகும். அப்போது பின்னால் தெரியும் மாற்றம் வெப்பத்தால் வந்ததா, நீரால் வந்ததா என்று பிரிக்க முடியாது. பழைய பனிவேலிச் சோதனைகள் பலவற்றுக்கு இந்தக் குறை இருந்தது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் உருகத் தொடங்கும் முன்பே, வேலிக்குப் பின்னால் சேர்ந்த அதிகப்படிப் பனியை ஆட்கள் மண்வாரியால் அள்ளி வெளியே கொட்டினார்கள். டன் கணக்கான பனி, ஒவ்வோர் ஆண்டும். கட்டுரைகளில் இது ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மற்ற வரிகளுக்கு மதிப்பில்லை.

ஏழு ஆண்டு அளவீடுகளை மார்கரீட்டே மாவ்ரிட்ஸ் தலைமையில் 2017-இல் வெளியிட்டார்கள். மண்ணைச் சூடாக்கியதன் விளைவு, காற்றைச் சூடாக்கியதைவிட மிகப் பெரிதாக இருந்தது. மண் சூடான இடங்களில் நிலத்தின் சுவாசமும், அதாவது அது வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடும், செடிகளின் ஒளிச்சேர்க்கையும் சேர்ந்தே ஏறின. கோடை நிகரக் கணக்கில் கார்பன் சேமிப்பும் கூடியது. ஆமாம், கூடியது. கோடையை மட்டும் பார்த்தால் வெப்பம் நல்லது செய்தது என்றே சொல்ல வேண்டும்.

பிறகு ஒரு திருப்பம். இளக்கம் ஒரே சீராக ஆழமாகிக்கொண்டே போனது, ஆனால் வாயுக் கணக்கு அப்படிப் போகவில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் தரை உள்வாங்கியது. உறைநிலத்தில் மண் மட்டுமா இருக்கிறது, பனிக்கட்டியும் இருக்கிறது. அது உருகி வடிந்ததும் மேற்பரப்பு இறங்கிவிடும். இறங்கிய பள்ளத்தில் நீர் தேங்கியது. நீர் தேங்கிய மண்ணில் ஆக்ஸிஜன் இல்லை, நுண்ணுயிர்கள் மந்தமாகின, பல செடிகளும் தளர்ந்தன. சுவாசமும் ஒளிச்சேர்க்கையும் சேர்ந்தே இறங்கின. பஞ்சுப்புல் அடர்ந்த இடங்கள் மட்டும் தாக்குப்பிடித்தன. அது நீரில் நிற்கப் பழகிய செடி. வெப்பம் ஏறினால் கார்பன் இழப்பு நேர்கோட்டில் ஏறும் என்ற எளிய எதிர்பார்ப்பு இந்தச் சரிவில் பலிக்கவில்லை. வளைகோடுதான் வந்தது. அந்த வளைவைத் தீர்மானித்தது நீர்மட்டம்.

நீர் தேங்கினால் மீத்தேன் வருமே என்று கேட்கலாம். வரும். எடைக்கு எடை, 100 ஆண்டுக் கணக்கில், மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 27 மடங்கு வெப்பமூட்டக்கூடியது. ஆனால் 2016-இல் கிறிஸ்டினா ஷேடல் வடபுலம் முழுக்க எடுத்த மண் மாதிரிகளின் ஆய்வகச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, காற்றோட்டமுள்ள மண் வெளியிட்ட கார்பன், காற்றில்லாத மண் வெளியிட்டதைப்போல 3.4 மடங்கு இருந்தது. மீத்தேனின் கூடுதல் வீரியத்தையும் சேர்த்துப் பார்த்தாலும், உலர்ந்து இளகும் நிலமே பெரிய பிரச்சினை என்பது அவர் முடிவு. ஊடகங்களில் மீத்தேன் தலைப்புச் செய்தியாகிறது. கணக்கில் முன்னால் நிற்பது சாதாரணக் கார்பன் டை ஆக்சைடுதான்.

குளிர்காலத்தின் செலவு

சரி, கோடையில் சேமிப்பு கூடியது என்றால் நட்டம் எங்கே?

எட்டு மைல் ஏரியில் வளரும் பருவம் மே மாதக் கடைசியில் தொடங்கிச் செப்டம்பரில் முடிந்துவிடும். மீதி ஏழு, எட்டு மாதங்கள் ஒளிச்சேர்க்கை இல்லை. ஆனால் மண்ணுக்குள் சுவாசம் நிற்பதில்லை. இலையுதிர்காலத்தில் நிலம் மேலிருந்தும் கீழிருந்தும் உறையத் தொடங்கும்போது, நடு அடுக்கு வாரக்கணக்கில் சுழியத்தை ஒட்டியே நிற்கும். நீர் பனிக்கட்டியாக மாறும்போது வெளிவிடும் வெப்பமே அந்த அடுக்கை உறையவிடாமல் தாமதப்படுத்துகிறது. அந்த வாரங்களில் நுண்ணுயிர்கள் வேலை செய்துகொண்டே இருக்கும். நிலம் முழுக்க உறைந்த பின்னும், மண் துகளைச் சுற்றிய மெல்லிய நீர்ப்படலத்தில் கொஞ்சம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு நாளின் அளவு அற்பம். ஆனால் நாட்கள் அதிகம்.

மாவ்ரிட்ஸ் குழு குளிர்கால மதிப்பீட்டையும் சேர்த்ததும் கணக்கு புரண்டது. ஆய்வு நடந்த எல்லா ஆண்டுகளிலும் இந்த நிலம் ஆண்டுக் கணக்கில் கார்பனை வெளியிட்டுக்கொண்டிருந்தது. ஆழமாக இளகிய, சூடான மண்ணில் குளிர்கால இழப்பு, கோடையில் கூடிய ஒளிச்சேர்க்கையை மிஞ்சியது. 2021-இல் ஷூர் குழு 15 ஆண்டு அளவீடுகளைத் தொகுத்து வெளியிட்டபோதும் அதே தீர்ப்புதான்: இளகும் உறைநிலத்தின் மேல் இருக்கும் இந்தத் தூந்திரா தொடர்ந்து கார்பனை வெளியிடுகிறது.

பிரச்சினை, குளிர்காலத்தில் அளப்பவர்கள் குறைவு. பல்கலைக்கழகங்களுக்குக் கோடை விடுமுறை வரும்போது ஆய்வாளர்கள் வடக்கே வருவார்கள், செப்டம்பரில் திரும்பிவிடுவார்கள். குளிரில் கருவிகளின் மேல் உறைபனி படியும், மின்கலம் படுத்துவிடும், சூரியத் தகட்டுக்குச் சூரியனே இராது. மனிதக் காரணங்களால் நம் தரவு முழுக்கக் கோடைப்பக்கம் சாய்ந்துவிட்டது. இது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஆனாலும் நீண்டகாலம் இதை ஒரு சிறு குறையாகவே நடத்தினார்கள்.

2019-இல் சூசன் நட்டாலி தலைமையில் வந்த தொகுப்பு அந்த மனப்போக்கை மாற்றியது. இவரும் எட்டு மைல் ஏரியில் பனி அள்ளியவர்களின் குழுவிலிருந்து வந்தவர்தான். வடபுல உறைநிலப் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட களங்களின் குளிர்கால அளவீடுகளைச் சேர்த்துக் கணக்கிட்டதில், அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஆண்டுக்குச் சுமார் 170 கோடி டன் கார்பன் வெளியேறுவதாக வந்தது. வளரும் பருவத்தில் உறிஞ்சப்படுவதாகக் கணினி மாதிரிகள் சொல்வது சுமார் 100 கோடி டன். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, அலாஸ்காவின் வடகோடியில் உள்ள பாரோ நிலையத்தின் நீண்டகாலக் காற்றுப் பதிவுகளை ரோஷீன் கோமேனும் சகாக்களும் ஆராய்ந்தார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தூந்திராவிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு 1975-க்குப் பிறகு 73 சதவீதம் கூடியிருந்தது. முழுக்க வேறு முறை, வேறு இடம், ஆனால் கை காட்டும் திசை ஒன்றே.

தரை இறங்கினால் அளவுகோலும் இறங்கும்

இதுவரை சொன்னது எல்லாம் காற்றில் அளந்தது. மண்ணைத் தோண்டி, ஐந்தாண்டுகளுக்கு முன் எவ்வளவு கார்பன் இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று நேராகப் பார்க்க முடியாதா? கேட்க எளிதாக இருக்கிறது. செய்யப்போனால் தரை கைவிடுகிறது.

மேலிருந்து அரை மீட்டர் ஆழம் வரை மண் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டு கழித்து மறுபடி அதே அரை மீட்டர் எடுக்கிறோம். இடையில் தரை 10 செ.மீ. உள்வாங்கியிருந்தால், இரண்டாம் முறை எடுக்கும் அரை மீட்டரில் முன்பு 60 செ.மீ. ஆழத்தில் இருந்த மண்ணும் வந்துவிடும். மண் நெருங்கி அடர்ந்தும் இருக்கும். ஆகவே கார்பன் குறைந்திருந்தாலும் கணக்கில் குறையாமல் தெரியும், கூடியதாகவும் தெரியலாம். இளக்கத்தின் ஆழத்தை அளப்பதிலும் இதே ஏமாற்று. கம்பியைக் குத்தி மேற்பரப்பிலிருந்து உறைநிலம் வரை எவ்வளவு என்று பார்ப்பார்கள். மேற்பரப்பே இறங்கிவிட்டால் கம்பி குறைத்துத்தான் சொல்லும். ஹைடி ரோடன்ஹைசர் 2020-இல் தரை இறங்கிய அளவையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, சூடாக்கிய இடங்களில் புதிதாக இளகிய கார்பன், கம்பி அளவு சொன்னதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது.

மண் கார்பனுக்கு ஸ்பெயினைச் சேர்ந்த சேசர் பிளாசாவும் ஷூர் குழுவும் கண்டுபிடித்த வழி ஆழத்தையே விட்டுவிடுவது. மண்ணை எரித்தால் கரிமப்பொருள் போய்விடும், கனிமச் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பல் மக்குவதில்லை, காற்றில் கலப்பதுமில்லை. குழம்பு எவ்வளவு சுண்டினாலும் போட்ட உப்பு அப்படியே இருப்பதைப் போல. அதனால் 'இத்தனை செ.மீ. மண்ணில் எவ்வளவு கார்பன்' என்று கேட்காமல், 'இவ்வளவு சாம்பலுக்கு எவ்வளவு கார்பன்' என்று கேட்டார்கள். தரை ஏறினாலும் இறங்கினாலும் இந்த அளவுகோல் அசையாது.

2019-இல் நேச்சர் ஜியோசயன்ஸ் இதழில் வந்த அவர்களின் விடை அதிர்ச்சியானது. ஐந்தாண்டுக் காலத்தில், தளம் முழுக்க, மண் கார்பன் ஆண்டுக்கு 5.4 சதவீதம் குறைந்திருந்தது. அப்படியே ஐந்தாண்டுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போய்விட்டது.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்த 5.4-ஐச் சுற்றியுள்ள 95 சதவீத நம்பிக்கை எல்லை 1.0 முதல் 9.5 வரை. மிக அகலமானது. கீழ் எல்லையை எடுத்தால் மெதுவான கசிவு. மேல் எல்லையை எடுத்தால் சரிவு. இந்த ஒரு எண்ணை எடுத்து ஆர்க்டிக் முழுக்கப் பெருக்கிப் பார்ப்பது தப்பு, கட்டுரை ஆசிரியர்களும் அதைச் செய்யவில்லை. என்னைக் கேட்டால் இந்த ஆய்வின் மதிப்பு அந்த எண்ணில் இல்லை, அது கிளப்பிய முரண்பாட்டில் இருக்கிறது. காற்றில் அளந்த வாயு இழப்பு, மண்ணில் காணாமல் போன கார்பனுக்கு ஈடாகவில்லை. மீதி எங்கே? ஆசிரியர்கள் சுட்டிக்காட்டுவது நீரை. இளகிய மண்ணிலிருந்து கரைந்த கரிமப்பொருள் சரிவில் பக்கவாட்டில் வடிந்து, ஓடைக்கும் ஏரிக்கும் போயிருக்கலாம். அங்கே போய் அது காற்றில் கலந்தாலும், தளத்தில் வாயுவை அளக்கும் கோபுரத்தின் கணக்கில் வராது. கோபுரம் தன் காலடியை மட்டும்தான் பார்க்கும்.

ஒரு சரிவிலிருந்து உலகத்துக்கு

மற்ற இடங்களில் என்ன நிலை? 2024-இல் நேச்சர் இதழில் சிப்ரின் மேஸ் தலைமையில் வந்த ஆய்வு, தூந்திராவின் 28 இடங்களில் நடந்த 56 கூண்டுச் சோதனைகளைத் தொகுத்தது. காற்று சராசரியாக 1.4 டிகிரி சூடானபோது, வளரும் பருவச் சுவாசம் 30 சதவீதம் ஏறியது. அது தற்காலிகத் துள்ளலாக அடங்கவும் இல்லை. 25 ஆண்டுகள் வரை நீடித்தது. ஆனால் இடத்துக்கு இடம் வேறுபாடு பெரிது. ஒளிச்சேர்க்கை அந்த ஆய்வின் பகுதி அல்ல என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அது செலவை மட்டும் எண்ணிய ஆய்வு.

தீ என்பது தனிக் கதை. 2007 ஜூலையில் அலாஸ்காவின் வடசரிவில், அனக்டுவுக் ஆற்றங்கரையில் மின்னல் விழுந்து பற்றிய தீ இலையுதிர்காலம் வரை எரிந்தது. 1,039 சதுர கிலோமீட்டர் தூந்திரா கருகியது. அந்த ஒரு தீயில் காற்றுக்குப் போன கார்பன் சுமார் 21 லட்சம் டன் என்று மிஷெல் மாக் குழு கணக்கிட்டது. இருபதாம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் ஆர்க்டிக் தூந்திரா முழுவதும் ஓர் ஆண்டில் சராசரியாகச் சேமித்த அளவுக்கு அது ஈடு. தீ போன பிறகு கறுத்த தரை வெயிலை அதிகம் வாங்கி, போர்வையாக இருந்த பாசியும் இல்லாமல், இன்னும் ஆழமாக இளகியது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா வெளியிட்ட ஆர்க்டிக் அறிக்கை, காட்டுத்தீயையும் சேர்த்துப் பார்த்தால் தூந்திராப் பகுதி கார்பனைச் சேமிப்பதிலிருந்து வெளியிடுவதற்கு மாறிவிட்டது என்று சொன்னதில் தீயின் பங்கு பெரிது.

கார்பனைத் தாண்டியும் பாதிப்பு உண்டு. புதர்கள் உயர்ந்து பனிக்கு மேலே தலை நீட்டினால், வெண்மையாக வெயிலைத் திருப்பி அனுப்ப வேண்டிய பரப்பு கறுத்து வெப்பத்தை வாங்கிக்கொள்ளும்.

இதையெல்லாம் கேட்டதும் 'கார்பன் குண்டு', 'மீத்தேன் குண்டு' என்று எழுதத் தோன்றுவது இயல்பு. எனக்கு அந்தச் சொற்களில் உடன்பாடு இல்லை. 2015-இல் ஷூரும் பலரும் சேர்ந்து எழுதிய மதிப்பீடு, இப்போதைய போக்கில் போனால் 2100-க்குள் உறைநிலக் கார்பனில் 5 முதல் 15 சதவீதம் வெளியேறலாம் என்றது. பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழுவின் ஆறாம் மதிப்பீட்டறிக்கை, உலகம் ஒவ்வொரு டிகிரி சூடாகும்போதும் 2100-க்குள் சுமார் 1,800 கோடி டன் கார்பன், கார்பன் டை ஆக்சைடாக உறைநிலத்திலிருந்து வரலாம் என்கிறது. எல்லை 300 கோடியிலிருந்து 4,100 கோடி வரை. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து மனிதர்கள் ஆண்டுக்கு வெளியிடும் கார்பன் சுமார் 1,000 கோடி டன். ஆக, இது நம்மை முந்திக்கொண்டு ஓடப்போகும் பூதம் அல்ல. நாம் குறைக்க வேண்டிய பட்டியலில், நம் கையில் இல்லாத ஒரு நாடு புதிதாகச் சேர்ந்துகொண்டதைப் பற்றிய சேதி. அந்த நாட்டோடு ஒப்பந்தம் போட முடியாது. அதன் பங்கைக் கழித்துக்கொண்டு மிச்சத்தில்தான் மற்றவர்கள் பங்கு பிரிக்க வேண்டும்.

ஆனால் கழிப்பதற்கு எண் வேண்டும். 300-க்கும் 4,100-க்கும் நடுவே எங்கேயோ என்று சொன்னால் யாரும் கழிக்கமாட்டார்கள், சுழியம் என்றே வைத்துக்கொள்வார்கள். பெரும்பாலான உலகப் பருவநிலை மாதிரிகளில் திடீர் நில உள்வாங்கலும் அதைத் தொடரும் நீர்த் தேக்கமும் இன்னும் சரியாக இடம்பெறவில்லை. மேலே பார்த்த வளைகோட்டை, அதாவது முதலில் ஏறி, பிறகு நீரில் மூழ்கி இறங்கி, குளிர்காலத்தில் திரும்ப நட்டமாகும் போக்கை, பல நூறு சதுர கிலோமீட்டருக்கு ஒரு சராசரி போடும் மாதிரியில் எப்படிக் கொண்டுவருவது? இரண்டடி தள்ளினால் நீர்மட்டம் மாறும் நிலம் இது.

எட்டு மைல் ஏரிக்கு வந்த இன்னொரு இக்கட்டும் இங்கே சேர்கிறது. சோதனையில் சூடாக்காமல் விட்ட ஒப்பீட்டு இடங்களும் தாமாகவே இளகத் தொடங்கிவிட்டன. ஏழு ஆண்டுகளில் அவற்றின் சுவாசமும் ஒளிச்சேர்க்கையும் சேர்ந்தே கூடின, காரணம் அவற்றின் சொந்த இளக்கம். பிளாசாவின் 5.4 சதவீதமும் வேலிக்குப் பின்னால் உள்ள மண்ணின் எண் அல்ல, தளம் முழுவதற்குமான எண். எதோடு ஒப்பிடுவது என்று வைத்திருந்த அடிநிலையே நகர்ந்துகொண்டிருக்கிறது. சோதனை வடிவமைப்பின் கோணத்தில் இது தலைவலி. தரவின் கோணத்தில் இதுவே ஒரு முடிவு.

அடுத்து என்ன அளக்க வேண்டும் என்பதில் எனக்கு அதிகச் சந்தேகம் இல்லை. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நிற்காமல் ஓடும் கருவிகள் முதலில் வேண்டும். அப்புறம், சரிவிலிருந்து இறங்கும் நீரில் எவ்வளவு கார்பன் போகிறது என்று ஓடை வாயிலில் பிடித்து எண்ண வேண்டும். மண்ணில் குறைந்ததும் காற்றில் கூடியதும் நீரில் போனதும் ஒரே தளத்தில் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் 5.4 என்ற எண்ணை நம்புவதா, பாதியாக்குவதா என்று சொல்ல முடியும். ஹீலிப் பக்கத்திலேயே அமெரிக்காவின் நியான் என்ற தேசியச் சூழலியல் கண்காணிப்பு வலையமைப்பும் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அந்த வலையமைப்பு 30 ஆண்டு ஓடுவதற்கென்று திட்டமிடப்பட்டது. ஆஸ்டர்காம்பின் ஆழ்துளைக்குப் பிறகு இந்தப் பகுதிக்குக் கிடைத்திருக்கும் மிக நீளமான வாக்குறுதி அதுதான், நிதி நிற்காமல் வந்தால்.